தராசு நிறுக்கும், உடல் எண்ணும்

அரசு மருத்துவமனையின் பொது வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பாட்டில்கள் தொங்குகின்றன. ஒன்று, என்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் 0.9 விழுக்காடு உப்புக் கரைசல். இன்னொன்று, 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ். நோயாளியின் வீட்டார் எந்தப் பாட்டிலைப் பார்த்தாலும் ‘குளுகோஸ் ஏறுது’ என்றுதான் சொல்வார்கள். உண்மையில் குளுகோஸ் இருப்பது இந்த இரண்டாவதில். முதல் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. இரண்டாவதில் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை. எடையில் ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் ரத்தக்குழாய்க்குள் இறங்குகிற நேரத்தில் சிவப்பணுவுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அது வீங்குவதுமில்லை, சுருங்குவதுமில்லை. (சர்க்கரையை உடல் எரித்துத் தீர்த்தபின் வெறும் நீர் மிஞ்சுவது வேறு கதை.)

9-உம் 50-உம் எப்படி ஒன்றாகும்? செவிலியர் படிப்பின் முதலாண்டில் வேதியியல் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாங்கள் அணு அமைப்பிலிருந்து தொடங்குகிறோம். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், வார்டுக்குப் போகும்போது அதை விடுதி அறையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

விடை சிக்கலானதல்ல. சோடியம் குளோரைடின் ஒரு மோல் 58.44 கிராம். ஆகவே 9 கிராம் என்பது 154 மில்லிமோல். நீரில் விழுந்ததும் அது சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. 154 இரட்டித்து 308 ஆகிறது. குளுகோஸின் ஒரு மோல் 180 கிராம். 50 கிராமில் 278 மில்லிமோல். குளுகோஸ் பிரிவதில்லை, 278 அப்படியே நிற்கிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் துகள்களின் கணக்கு 290-ஐ ஒட்டியது. அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் உப்புக் கரைசலின் 308 நடைமுறையில் 286 அளவுக்கு இறங்கிவிடும். அதையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பாட்டிலும் ரத்தமும் ஒரே வரிசைக்கு வந்துவிடுகின்றன.

கல்யாண வீட்டுக்கு அரிசியை நிறுத்து வாங்குகிறோம், இலையை எண்ணி வாங்குகிறோம். ஓர் இலைக்கு ஓர் ஆள். இலை எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. உடலின் வேலைகளில் பெரும்பாலானவை இலைக் கணக்கில் நடப்பவை. செல்லின் சவ்வில் இருக்கும் வாயில்கள், நொதிகளின் பிடிமானங்கள், இதயத் தசையின் துடிப்பு எல்லாமே எத்தனை துகள் என்றுதான் பார்க்கின்றன. எத்தனை கிராம் என்பது அவற்றுக்குத் தெரியாது. நம் கையில் இருப்பதோ தராசு. அதற்கு எண்ணத் தெரியாது. நிறுக்க மட்டுமே தெரிந்த கருவிக்கும் எண்ண மட்டுமே தெரிந்த உடலுக்கும் நடுவே மனிதன் போட்டுக்கொண்ட பாலம்தான் மோல்.

பள்ளியில் அது ஒரு பெரிய எண்ணாக மட்டும் அறிமுகமாகிறது. 10-இன் 23-ஆம் அடுக்கை 6.022-ஆல் பெருக்கிச் சொல்லிவிட்டால் இரண்டு மதிப்பெண். 2019 மே 20 அன்று அந்த எண்ணுக்கு நேர்ந்தது வகுப்பறைக்குள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. அதுவரை மோல் என்பது 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணு இருக்கிறதோ அத்தனை என்று ஓர் எடையின்மேல் சாய்ந்து நின்றது. அன்றிலிருந்து 6.02214076 என்ற இலக்கங்கள் மாறாதவையாக வகுக்கப்பட்டு, மோல் வெறும் எண்ணிக்கையாகவே ஆகிவிட்டது. அதே நாளில் கிலோகிராமும் பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரில் பூட்டிவைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளையை விட்டு விலகி, பிளாங்க் மாறிலியின் மேல் போய் அமர்ந்தது. வார்டில் எந்த டோஸும் இதனால் மாறவில்லை. ஆனாலும் உலகத்தின் அளவியலாளர்கள் எல்லோரும் கூடி மோலுக்கு எடையின் துணை வேண்டாம் என்று முடிவெடுத்தது எனக்குப் பெரிய செய்தி. உடல் எப்போதும் அப்படித்தான் இருந்து வந்திருக்கிறது.

உடல் எண்ணுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை உண்டு. வரிசையாகச் சோதனைக் குழாய்கள். முதல் குழாயில் 0.9 விழுக்காடு உப்புக் கரைசல், அடுத்தடுத்து உப்பு குறைந்துகொண்டே போய்க் கடைசியில் வெறும் காய்ச்சி வடித்த நீர். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம். சற்று நேரம் விட்டால் முதல் சில குழாய்களில் அணுக்கள் அடியில் சிவப்பாகப் படிந்து, மேலே நீர் தெளிந்து நிற்கும். 0.5-ஐ நெருங்கும்போது மேல்நீரில் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கும். 0.3 அளவில் படிவு எதுவும் இராது. குழாய் முழுவதும் ஒரே சிவப்பு, அதன் வழியாக மறுபுறம் பார்க்கலாம். அணுக்கள் அத்தனையும் நீரைக் குடித்து வெடித்துவிட்டன. வெளியே துகள் குறைந்தால் நீர் உள்ளே பாய்கிறது என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் இந்த வரிசைக்கு ஈடாகாது. டச்சு உடலியலாளர் ஹாம்பர்கர் 1880-களிலும் 90-களிலும் இப்படிச் சிவப்பணுக்களை உடைத்துப் பார்த்துத்தான் மனித ரத்தத்துக்கு இணையான உப்பு 0.9 விழுக்காடு என்ற முடிவுக்கு வந்தார். அதுவரை ஆய்வுக்கூடங்களில் வழங்கிவந்த 0.6 விழுக்காடு தவளைக்குப் பொருத்தமானது.

இதே சோதனையை ஒற்றைக் குழாயாகச் சுருக்கி நம் நாட்டில் தலசீமியா மரபைச் சலித்தெடுக்கப் பயன்படுத்துகிறார்கள். கரைசல் 0.36 விழுக்காடு. இயல்பான அணுக்கள் அதில் உடைந்து நீர் தெளிந்துவிடும். குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாளில் வரைந்த கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். தலசீமியா மரபு உள்ளவரின் அணுக்கள் சிறியவை, எளிதில் உடையாதவை. நீர் கலங்கியே நிற்கும், கோடு மறையும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் அந்த 0.36 சரியாக 0.36-ஆக இருக்க வேண்டும். அலட்சியமாக நிறுத்த உப்பு அங்கே ஒரு குடும்பத்துக்குத் தவறான பதிலைச் சொல்லிவிடும்.

அளவின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் சிட்னி ரிங்கர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆய்வுக்கூடத்திலும் உழைத்தவர். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலை அதனுள் செலுத்தி, எது எவ்வளவு இருந்தால் துடிப்பு நீடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1882-இல் முடிவுகளை வெளியிட்டார். சோடியம், பொட்டாசியம் உப்புகள் கொண்ட கரைசலில் இதயம் நன்றாகத் துடிக்கிறது என்றார். பிறகுதான் ஒன்று தெரியவந்தது. அவருக்காகத் தயாரிக்கப்பட்ட கரைசலில் காய்ச்சி வடித்த நீர் இல்லை. நியூ ரிவர் வாட்டர் கம்பெனி லண்டனுக்கு வழங்கிய குழாய் நீர் இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் அதே உப்புகளைக் கரைத்துச் செலுத்தியபோது இதயம் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுபோனது. குழாய் நீரில் இருந்த ஏதோ ஒன்றுதான் அதைத் துடிக்க வைத்திருக்கிறது. தேடிப் பார்த்தார். கால்சியம். மிகச் சிறிய அளவு கால்சியம்.

1883-இல் அதைத் தாமே எழுதினார். தம் முந்தைய கட்டுரை எந்த நீரில் செய்யப்பட்டது, அதனால் எங்கே பிசகியது என்பதை மறைக்காமல் அச்சிட்டார். இதயத் தசை சுருங்கக் கால்சியம் தேவை என்ற அறிவு மருத்துவத்துக்கு அப்படித்தான் கிடைத்தது. 1930-களில் அமெரிக்காவில் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அந்தக் கரைசலோடு லாக்டேட் சேர்த்தார். இன்று வயிற்றுப்போக்கோடு வருகிறவருக்கும் அறுவை முடிந்து வருகிறவருக்கும் தொங்கவிடும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டில் அதன் வழிவந்தது. என் மாணவிகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். கரைசலில் நாம் போட்டது எது என்பது பாதிக் கணக்கு. எதில் போட்டோம் என்பது மீதிக் கணக்கு. வார்டில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைக்கும் நேரத்தில் இந்த மீதிக் கணக்கு மறந்துபோகக் கூடாது. சில மருந்துகளைக் கால்சியம் உள்ள ஆர்.எல்.-இல் கலந்தால் வீழ்படிவாகிவிடும். செஃப்ட்ரியாக்சோன் அப்படிப்பட்டது.

எண்ணிக்கையின் கண்டிப்பு முழுமையாகத் தெரிவது பொட்டாசியத்தில். வார்டு அலமாரியில் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் 10 மில்லி, 15 விழுக்காடு. விழுக்காடு என்பது இங்கே 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்பது. ஆக 10 மில்லியில் 1.5 கிராம், அதாவது 20 மில்லிமோல். ஒரு பெரியவரின் பிளாஸ்மா மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோல். மொத்தம் 12. உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ முழுவதும் செல்களுக்குள் அடைபட்டுக் கிடப்பதால் வெளியே ஓடும் கணக்கு இவ்வளவுதான். பார்ப்பதற்குக் காய்ச்சி வடித்த நீர் ஆம்பூல் போலவே நிறமற்று இருக்கும் அந்தச் சிறு கண்ணாடிக்குள், பிளாஸ்மா முழுவதிலும் இருப்பதைவிட அதிகமான பொட்டாசியம் இருக்கிறது. நீர்க்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ‘நேரடியாகப் போடக் கூடாது’ என்று விதியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் 20-ஐயும் 12-ஐயும் தன் கையால் கணக்குப் போட்டுப் பார்த்த மாணவியின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். விதி அவளுக்கு அதன்பிறகு தேவைப்படுவதில்லை.

வார்டின் பெரிய தொல்லை, அளவு அங்கே பல மொழிகளில் பேசுகிறது என்பது. உப்புக் கரைசல் விழுக்காட்டில் பேசும். மாத்திரை மில்லிகிராமில். பொட்டாசியம் மில்லி ஈக்விவலன்டில். இன்சுலின் யூனிட்டில். அட்ரினலின் நேற்றுவரை விகிதத்தில் பேசியது: ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்று என்றால் 1000 மில்லியில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 1 மில்லிகிராம். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. எண் பெரிதாகப் பெரிதாக மருந்து குறைகிறது. ஒவ்வாமை அதிர்ச்சியில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் நின்று, சுழிகளை எண்ணி, தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டிய ஓர் எண். அமெரிக்காவில் 2016 முதல் ஒற்றை மருந்துள்ள ஊசிமருந்துகளின் லேபிளில் இந்த விகித முறையையே நீக்கிவிட்டார்கள். மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுத வேண்டும். நல்ல முடிவு. தாமதமான முடிவும்கூட.

இன்சுலினின் யூனிட் இன்னும் விசித்திரமான இடத்திலிருந்து வந்தது. 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தபோது அதில் இன்சுலின் எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல வழியே இல்லை. தூய்மை இல்லாத சாறு; எதை நிறுப்பது? அதனால் முயலைக் கேட்டார்கள். பட்டினி போட்ட இரண்டு கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்கப் போதுமான சாறு எவ்வளவோ, அதை வைத்து யூனிட் பிறந்தது. நிறுக்க முடியாததை அது செய்கிற வேலையால் அளந்தார்கள். பின்னால் வரையறை பலமுறை திருத்தப்பட்டு, தூய இன்சுலின் கையில் கிடைத்தபின் ஒரு யூனிட் என்பது 0.0347 மில்லிகிராம் மனித இன்சுலின் என்று தெரிந்தது. ஆனாலும் நாம் யாரும் இன்சுலினை மில்லிகிராமில் சொல்வதில்லை.

நம் ஊரில் இந்த யூனிட்டுக்கு ஓர் ஆபத்தான கிளைக் கதை இருக்கிறது. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100-இன் மருந்தை 40-இன் சிரிஞ்சில் இழுத்தால், கோடு 10 என்று காட்டும் இடத்தில் உண்மையில் 25 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு. கோடு பொய் சொல்லவில்லை, அது வேறொரு மருந்துக்காகப் போட்ட கோடு. பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதும், மருந்துக்கடையில் கிடைத்த எந்த மூடியையும் வாங்கிக்கொள்வதும் வீடுகளில் நடப்பவை. வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் எத்தனை யூனிட் என்று சொல்லி அனுப்புகிறோம். எந்த மூடி என்றும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு அளவு.

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும் பெற்றோருக்கு இன்னொரு குழப்பம் தெரியும். இங்கே சாப்பிடும் முன் சர்க்கரை 100 என்கிறோம். லண்டனிலிருக்கும் மகள் தனக்கு 5.6 என்கிறாள். அம்மா பதறிப்போகிறாள். இரண்டும் ஒரே அளவு. நாம் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று நிறுத்துச் சொல்கிறோம். அவர்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று எண்ணிச் சொல்கிறார்கள். 18-ஆல் வகுத்தால் ஒன்று மற்றதாகிவிடும். 18 எங்கிருந்து வந்தது? குளுகோஸின் 180-இலிருந்து, டெசிலிட்டருக்கும் லிட்டருக்கும் நடுவே இருக்கும் ஒரு 10 போக.

பி.எச். பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் 1909-இல் சோரன்சன் இந்த அளவுகோலை அமைத்தார். அது அளக்கும் ஹைட்ரஜன் அயனிகள் மிகமிகக் குறைவானவை. சுழிகளை இழுத்துக்கொண்டு திரிவதற்குப் பதிலாக அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். வேதியியலாளருக்கு அது வசதி. கட்டிலருகே நிற்பவருக்கு அது கண்ணை மறைக்கிறது. ரத்தத்தின் பி.எச். 7.4-இலிருந்து 7.1-க்கு இறங்கினால் ‘0.3 தானே’ என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் லிட்டருக்கு 40 நானோமோல் இருந்த ஹைட்ரஜன் அயனி 80 ஆகிவிட்டது. இரட்டிப்பு. சோடியம் 140 மில்லிமோல் இருக்கும் அதே ரத்தத்தில் ஹைட்ரஜன் அயனி அதைவிட 35 லட்சம் மடங்கு குறைவு. அவ்வளவு சொற்பமான ஒன்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மூச்சின் வேகம் மாறுகிறது, சிறுநீரகம் வேலையைக் கூட்டுகிறது. உடல் எதையெல்லாம் எண்ணுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

எண்ணின் நேர்மை என்று ஒன்றிருக்கிறது. காய்ச்சலுக்கான எல்லையாக வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த 98.6 டிகிரியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துத் திரட்டிய அளவுகளிலிருந்து 1868-இல் சொன்னது 37 டிகிரி செல்சியஸ். முழு எண். உடல் வெப்பம் ஆளுக்கு ஆள், காலைக்கும் மாலைக்கும் மாறுவது என்பதும் அவருக்குத் தெரியும். 37-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. அந்தப் புள்ளி ஆறு எந்த வெப்பமானியும் அளந்து தந்ததல்ல, பெருக்கல் தந்தது. 1992-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சராசரி 98.2 என்று கண்டார்கள். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருந்தால் அதை யாரோ அளந்திருக்கிறார்கள் என்று நம்பிவிடுகிறோம். கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டினால் எட்டையும் விடைத்தாளில் எழுதும் மாணவிக்கு இலக்க விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இந்தக் கதையைச் சொல்லலாம்.

வீட்டுக் குளுகோமீட்டரும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரம் கேட்பது, நூறு அளவீடுகளில் குறைந்தது 95 ஆய்வகத்தின் மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை. சர்க்கரை 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராமுக்குள். நேற்று 142, இன்று 150. அந்த எட்டு மில்லிகிராம் வித்தியாசம் கருவியின் இயல்பான தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அது தெரியாமல் மதியச் சோற்றைத் தவிர்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டினிக்குச் சர்க்கரை நோய் பொறுப்பல்ல.

தசமப் புள்ளியை எழுதும் முறையையும் நான் வேதியியல் என்றே சொல்வேன். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும். முன்னால் சுழி இல்லாவிட்டால் புள்ளி கண்ணுக்குத் தப்பி 5 ஆகிவிடும். ஐந்தை 5 என்று மட்டும் எழுத வேண்டும், 5.0 என்றால் 50 என்று படிக்கக்கூடும். யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுத வேண்டும். அதன் ஆங்கில முதலெழுத்து அவசரக் கையெழுத்தில் சுழியாகி 4 யூனிட்டை 40 ஆக்கிவிடும்.

நீர்த்தல் கணக்கை எங்கே கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், பிரசவ வார்டில். கர்ப்பகால வலிப்புக்குக் கொடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் 50 விழுக்காட்டுக் கரைசலாக வருகிறது. 2 மில்லி ஆம்பூலில் 1 கிராம். ரத்தக்குழாயில் மெதுவாகச் செலுத்த 20 விழுக்காடாக 4 கிராம் வேண்டும். நான்கு ஆம்பூல், 8 மில்லி. அதோடு 12 மில்லி காய்ச்சி வடித்த நீர். 50-ஐ 8-ஆல் பெருக்கினாலும் 20-ஐ 20-ஆல் பெருக்கினாலும் 400. ‘எட்டும் பன்னிரண்டும்’ என்று வாய்ப்பாடு போல மூத்த சிஸ்டர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். அந்த வாய்ப்பாடு பல தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் மருந்துக்கிடங்கிலிருந்து 25 விழுக்காட்டு ஆம்பூல் வந்தால் வாய்ப்பாடு கைவிட்டுவிடும். 400 கைவிடாது.

டிரிப்ஸின் சொட்டுக்கணக்கும் இதே வகை. சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. ஒரு லிட்டர் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி என்பதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல் போகும்படி யாரோ யோசித்துச் செய்த துளை அது.

கடைசியாக ஓ.ஆர்.எஸ். மோலின் பயனை இதைவிட அழகாகக் காட்டும் பொருள் வேறில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தக்குழாய் வழி ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவர் பொறுப்பிலிருந்த இடத்தில் 3.6 விழுக்காடாக இறங்கியது. காரணம் குடல் சவ்வின் ஒரு வாயில். சோடியமும் குளுகோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும், அவற்றின் பின்னாலேயே நீர் உள்ளே போகும். காலரா இந்த வாயிலைத் தொடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் அறிவித்த இன்றைய கலவை, லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுகோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். இந்த எண்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எந்த உறவும் தெரியாது. மோலாக மாற்றினால் சோடியம் 75, குளுகோஸ் 75. கிராம் ஒளித்துவைத்த சமநிலை எண்ணிக்கையில் வெளிப்படுகிறது.

அந்தச் சமநிலை வீட்டுச் சமையலறையில் உடைந்துபோகக்கூடும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில், 200 மில்லியில் கரைத்தால் சோடியம் 375 ஆகிவிடும். ரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஏற்கெனவே நீர் வற்றிய குழந்தைக்கு அது தீங்கு. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டுகளும் கடையில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அதனால்தான் விவரம் தெரிந்த செவிலியர் முதலில் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கிறார், பிறகு, “உங்க வீட்ல ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் இருக்காம்மா?” என்று கேட்கிறார். ‘ஒரு சொம்பு தண்ணியில’ என்று அவர் சொல்வதில்லை. பாதிப் பாக்கெட்டை இப்போது, மீதியை நாளைக்கு என்றும் விடுவதில்லை. நான்கு பொடிகளும் உறைக்குள் சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பாதி எடையில் எல்லாமே பாதி இருக்கும் என்று நம்ப முடியாது.

வரும் கல்வியாண்டில் முதல் ஆய்வக வகுப்பை இந்தப் பாக்கெட்டோடு தொடங்க முடிவு செய்திருக்கிறேன். நான்கு பொருள்களையும் தனித்தனியே நிறுக்க வேண்டும், ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் கரைக்க வேண்டும், நீர்மட்டத்தின் வளைவுக்கு நேராகக் கண்ணை வைத்துக் கோட்டைப் பார்க்க வேண்டும். பிறகு சோடியத்தை எண்ண வேண்டும். உப்பிலிருந்து 44.5 மில்லிமோல், சிட்ரேட்டின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று சோடியம் தருவதால் அதிலிருந்து 29.6. கூட்டினால் 74.1. பாக்கெட்டில் 75 என்றுதானே போட்டிருக்கிறது, மீதி எங்கே சார் என்று யாராவது ஒருத்தி கேட்பாள். 2.6 என்றும் 2.9 என்றும் ஒரே ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொண்ட எடை எவ்வளவு தூரம் எண்ணிக்கையைச் சொல்ல முடியும் என்று அவர்களே பேசி முடிவுக்கு வரட்டும். அந்த விவாதத்துக்கு மணியடிக்கும்வரை நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.